தேடல் பெட்டி சொல்லாத ஒன்று

போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. மாடிப்படிக்குக் கீழே, தடித்தடியான பைண்டு வால்யூம்களைச் சணல் கயிறு போட்டுக் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். முதுகில் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்று எழுத்து மங்கிப் போயிருந்தது.

"இதெல்லாம் எங்கே போகுது சார்?" என்று நூலகரைக் கேட்டேன்.

"எடைக்குத்தான். வைக்க இடம் இல்லீங்க. இப்ப எல்லாமே பப்மெட்ல இருக்கே, இதை யார் புரட்டுறா?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வால்யூம்களின் மேல் இருந்த தூசியைப் பார்த்தால், பத்துப் பதினைந்து வருஷமாவது ஒரு கை பட்டிருக்காது. ஆனாலும் 'எல்லாமே' என்ற அந்த ஒரு சொல் என்னோடு வீடு வரை வந்தது. இந்தப் பதிவு அந்தச் சொல்லைப் பற்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருத்துவ வரலாற்றை வாசிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். பப்மெட் இல்லாமல் இந்த வலைப்பூவில் பாதிக் கட்டுரைகளை எழுதியிருக்கவே முடியாது. அதனால் இது பப்மெட்டைத் திட்டுகிற பதிவு இல்லை. தினமும் பயன்படுத்துகிற ஒரு கருவியிடம் எனக்கு உள்ள ஒரு குறை, அந்தக் குறையைப் புதிதாக வருகிற கருவிகள் எப்படிப் பெரிதாக்குகின்றன என்பது, இவ்வளவுதான் விஷயம்.

ஒரு சிறு வரலாறு

இண்டெக்ஸ் மெடிக்கஸ் 1879இல் தொடங்கியது. ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், உலகமெங்கும் வெளியாகிற மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டு அச்சிட ஆரம்பித்தார். இடையில் பெயர் மாறியது, நின்றது, மறுபடி வந்தது. அந்த வேலை பின்னால் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பொறுப்பானது. 1964இல் அது கணினிக்கு மாறியது. 1971இல் தொலைபேசிக் கம்பி வழியாகத் தேடும் வசதி வந்தது, அதுதான் மெட்லைன். 1997இல் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், அதுதான் பப்மெட். 2004 டிசம்பரோடு அச்சு இண்டெக்ஸ் நின்றுபோனது. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கு மேல் கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன.

இந்த மாற்றத்தில் நாம் பெற்றது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. இழந்தது ஒன்று உண்டு. அச்சு வால்யூம் தன் எல்லையைத் தன் முதுகிலேயே எழுதி வைத்திருந்தது. அலமாரியில் 1960 என்ற வால்யூம் இருக்கிறது, 1950 இல்லை என்றால், அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். "முந்தினது எங்கே சார்?" என்று ஆளைக் கேட்கத் தோன்றும். திரையில் அப்படி இடைவெளி தெரியாது. ஒரு வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் ஒரு பொத்தான். தேடினால் வருவது வரும். வராதது இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்படி நினைத்துக்கொள்வதன் விலை என்ன என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது.

2001, பால்டிமோர்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆஸ்துமா ஆய்வு நடந்தது. ஆரோக்கியமானவர்களின் மூச்சுக்குழாய் எப்படிச் சுருங்காமல் திறந்தே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நோக்கம். அதற்காகத் தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பொருளை மூச்சுவழி இழுக்கக் கொடுத்தார்கள். நரம்பு முடிச்சுகளில் செய்தி கடந்துபோவதைத் தடுக்கிற மருந்து அது. 1950களில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தது, பிறகு வழக்கொழிந்துபோனது. அந்த ஆய்வில் இதை இழுத்த மூன்றாவது ஆள், அதே நிறுவனத்தில் வேலை பார்த்த 24 வயதுப் பெண். நல்ல ஆரோக்கியமானவர். மே 4ஆம் தேதி மருந்தை இழுத்தார். இருமல் வந்தது. சில நாளில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நுரையீரல் மோசமாகிக்கொண்டே போய், ஜூன் 2ஆம் தேதி இறந்துபோனார்.

விசாரணையில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. இந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று யாருக்கும் முன்னமே தெரியாதா?

தெரிந்திருந்தது. 1950களின் மருத்துவ இதழ்களில் அதைப் பற்றிய கட்டுரைகள் இருந்தன. உதாரணமாக, 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' 1954இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின் பொருளே, ரத்தக் கொதிப்புக்கு ஹெக்ஸாமெத்தோனியம் எடுத்துக்கொண்டவர்களின் நுரையீரலில் தெரிந்த மாற்றங்கள்தான். ஆய்வாளர் தேடாமல் இருக்கவில்லை. பப்மெட்டில் தேடினார், பாடநூலும் பார்த்தார். ஆனால் அன்றைய பப்மெட் 1966இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவை அச்சு இண்டெக்ஸில் இருந்தன.

ஏன் 1966? மருத்துவத்தில் அந்த ஆண்டு ஒன்றும் புதிதாகத் தொடங்கிவிடவில்லை. மெட்லைனில் இருந்த குறிப்புகள் அங்கிருந்து தொடங்கின, அவ்வளவே. அந்த ஆண்டைத் தேர்ந்தது கணினியின் வசதி. அதை மருத்துவ அறிவின் எல்லை என்று எடுத்துக்கொண்டது நாம்.

ஜூலையில் அமெரிக்க அரசு, ஹாப்கின்ஸில் தன் பணத்தில் நடந்த மனித ஆய்வுகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சில நாள் நிறுத்தி வைத்தது. ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு என்று வேறு பல குறைகளும் வெளியே வந்தன. நூலகத் தேடல் ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1950களின் நோயாளிகள் இந்த மருந்தைச் சிகிச்சையாகத் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்கள். இந்தப் பெண்ணைப் போல ஆய்வுக்காக மூச்சில் இழுத்தவர்கள் இல்லை. அந்தக் கட்டுரையைப் பார்த்திருந்தால் அவர் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனா, பார்த்திருந்தால் ஒரு கேள்வி எழுந்திருக்கும். நெறிமுறைக் குழுவில் யாராவது ஒருவர், "கொஞ்சம் பொறுங்க" என்றிருப்பார்.

சரி செய்துவிட்டார்களே?

பின்வந்த ஆண்டுகளில் தேசிய மருத்துவ நூலகம் பழைய அச்சு இண்டெக்ஸ்களைக் கணினியில் ஏற்றி, இன்று மெட்லைனை 1946 வரை பின்னே கொண்டுபோயிருக்கிறது. பெரிய வேலை, பாராட்ட வேண்டியது. நான் சொன்ன 1954ஆம் ஆண்டுக் கட்டுரை இன்று பப்மெட்டில் இருக்கிறது. முழுக் கட்டுரையே ஸ்கேன் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்படியானால் பிரச்சினை முடிந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவர் பின்னே நகர்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் கண்ணுக்குத் தெரியாமல்தான் நிற்கிறது. உள்ளேயும் சில தடுப்புகள் இருக்கின்றன.

மெட்லைன் குறிப்புகளில் கட்டுரைச் சுருக்கம் சேர ஆரம்பித்தது 1975இல்தான். அதற்கு முந்திய கட்டுரைகள் பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் என்ற அளவிலேயே நிற்கின்றன. தலைப்பில் இல்லாத ஒரு சொல்லால் தேடினால் அவை மாட்டுவது கடினம். ஒரு மருந்தின் பக்கவிளைவு கட்டுரையின் நாலாம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தால், அது தேடலுக்கு எட்டாது.

அடுத்தது வரிசை. பப்மெட் இப்போது முடிவுகளை 'பெஸ்ட் மேட்ச்' என்ற முறையில் காட்டுகிறது. கணினி பழைய தேடல்களிலிருந்து கற்றுக்கொண்டு வரிசைப்படுத்துகிறது. கட்டுரை எந்த ஆண்டு வந்தது, முன்பு எத்தனை பேர் அதை நாடினார்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும். அவசரத்தில் தேடுகிற டாக்டருக்கு இது நல்லதுதான். ஆனால் நாற்பது வருஷமாக யாரும் தொடாத ஒரு எச்சரிக்கைக் கட்டுரை, யாரும் தொடவில்லை என்பதாலேயே இன்னும் கீழே போகும். நம்மில் எத்தனை பேர் இரண்டாம் பக்கத்தைத் திறக்கிறோம்?

மூன்றாவது, பொருள் தலைப்பு. 'ஹார்ட் அட்டாக்' என்று அடித்தாலும் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' கட்டுரைகளும் வருகின்றன என்றால், அதற்கு 1960 முதல் பேணிவரும் 'மெஷ்' என்ற சொற்பட்டியல்தான் காரணம். பல பத்தாண்டுகளாக, பயிற்சி பெற்ற மனிதர்கள் ஒவ்வொரு கட்டுரையையும் பார்த்து அதற்குரிய தலைப்பைக் கொடுத்துவந்தார்கள். 2022 முதல் அந்த வேலை தானியங்கிக்குப் போய்விட்டது. மனிதர்கள் சரிபார்ப்பதும் திருத்துவதுமாக இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டுரைகள் குவிகிறபோது வேறு வழியில்லை என்பது புரிகிறது. என் வருத்தம் வேறு. திரையில் அந்தத் தலைப்பைப் பார்க்கிற வாசகருக்கு, அதை ஆள் கொடுத்ததா, இயந்திரம் கொடுத்ததா என்று தெரிவதில்லை.

பதில் சொல்லும் பெட்டி

இதுவரை சொன்னது பட்டியல் காட்டுகிற கருவியின் குறை. இப்போது மருத்துவ நூலகங்களுக்குள் வந்துகொண்டிருப்பது பட்டியல் காட்டுவதில்லை, பதிலே சொல்கிறது. கேள்வியைக் கேட்டால் நாலு பத்தியில் தெளிவாக, இடையிடையே மேற்கோள் எண் போட்டுப் பதில் வருகிறது.

இதில் பொய்க் குறிப்புகள் வருவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 'கேலக்டிகா' என்று, அறிவியல் கட்டுரைகளில் பயிற்றுவித்த ஒரு மாதிரியை வெளியிட்டது. இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் எழுதித் தருகிறது என்று கிளம்பிய எதிர்ப்பில் மூன்றே நாளில் அதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வந்த கருவிகள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. உண்மையான தரவுத்தளத்தில் தேடி, இருக்கிற கட்டுரையைத்தான் காட்டுகின்றன. ஆக, பொய்க் குறிப்புச் சிக்கல் குறைந்துகொண்டுதான் போகும் என்று நினைக்கிறேன். அதை எண்ணைத் தட்டிப் பார்த்தாவது கண்டுபிடித்துவிடலாம்.

எனக்குப் பயமாக இருப்பது கண்டுபிடிக்க முடியாத பிழை. சுருக்கங்களை மட்டும் படித்துப் பதில் தொகுக்கிற ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்க. 1975க்கு முந்திய மருத்துவம் அதற்கு வெறும் தலைப்புகளின் குவியல். அதனிடம் ஒரு பழைய மருந்தைப் பற்றிக் கேட்டால், "நுரையீரல் பாதிப்புக்குப் போதிய சான்று இல்லை" என்று நிதானமாகப் பதில் சொல்லும். அது பொய் இல்லை. அது படித்ததில் சான்று இல்லைதான். ஆனால் கேட்டவர் காதில் விழுவது, "பாதிப்பு இல்லை" என்று.

பழைய பப்மெட் ஒன்றும் கிடைக்காதபோது வெறும் பக்கத்தைக் காட்டியது. அந்த வெறுமையைப் பார்த்தாவது ஒருவருக்குச் சந்தேகம் வரலாம். பதில் சொல்லும் பெட்டி அந்த வெறுமையையும் நல்ல வாக்கியங்களால் நிரப்பிவிடுகிறது.

"அப்போ பழையதை எல்லாம் ஸ்கேன் செய்து உள்ளே போட்டால் போதுமே" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. சில ஆய்வுக் கட்டுரைகளில் 'வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி' என்றொரு சொற்றொடர் தென்பட்டது. அப்படி ஒரு நுண்ணோக்கி முறை உலகத்திலேயே கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள், 1950களின் 'பாக்டீரியாலஜிகல் ரிவ்யூஸ்' இதழின் ஸ்கேனில் போய் நின்றார்கள். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் அது. இடது பத்தியில் 'வெஜிடேட்டிவ்', அதே வரிசையில் வலது பத்தியில் 'எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி'. எழுத்தை வாசித்த இயந்திரம் இரண்டையும் ஒரே வரியாக ஒட்டிவிட்டது. பாரசீக மொழியில் இதோடு தொடர்புள்ள இரண்டு சொற்கள் புள்ளியில் மட்டும் வேறுபடுவதால், மொழிபெயர்ப்பு வழியாகவும் இந்தப் பிழை பரவியிருக்கலாம் என்கிறார்கள். எப்படியோ, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் இப்போது அந்தச் சொற்றொடரைக் கற்றுவைத்திருக்கின்றன. ஸ்கேன் செய்வது அவசியம்தான். ஸ்கேனை ஒரு மனிதக் கண் சரிபார்ப்பதும் அதே அளவு அவசியம்.

மறுபக்கம்

அச்சுப் புத்தகத்துக்குக் கொடி பிடிக்க நான் இதை எழுதவில்லை. மின்னணு வடிவம் செய்கிற ஒரு காரியத்தை அச்சு ஒருநாளும் செய்ய முடியாது. 1998இல் 'லான்செட்' வெளியிட்ட, தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரையை 2010இல் திரும்பப் பெற்றார்கள். அச்சு லான்செட்டை அலமாரியிலிருந்து எடுத்தால், கட்டுரை இன்றைக்கும் அப்படியே சாதுவாக உட்கார்ந்திருக்கும். பப்மெட்டில் திறந்தால் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற எச்சரிக்கை முதலிலேயே கண்ணில் படும். இந்த ஒரு வசதிக்காகவே மின்னணு நூலகம் வேண்டும்.

அணுகலும் பெரிய விஷயம். 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் படிக்கலாம். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மாணவிக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கதவு திறந்திருப்பது ஒன்று, அந்த அறை எங்கே முடிகிறது என்று தெரிவது இன்னொன்று. இரண்டாவதுக்கு யாரும் சந்தா கட்டித் தருவதில்லை.

நம் நாட்டுக்கு அந்தச் சுவர் எங்கே விழுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஹெக்ஸாமெத்தோனியத்தின் அதே காலத்தில், அதே ரத்தக் கொதிப்புக்கு உலகம் ஏற்றுக்கொண்ட இன்னொரு மருந்து நம்முடைய சர்ப்பகந்தா. பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல், மேலே சொன்ன அதே 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில்' அதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை பப்மெட்டில் கிடைக்கிறது. ஆனால் அவருக்கு 18 ஆண்டு முன்பே, 1931இல், கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் கல்கத்தாவிலிருந்து, மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் சர்ப்பகந்தா உதவுகிறது என்று 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்' இதழில் எழுதியிருந்தார்கள். மெட்லைனின் 1946 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது அது. பெட்டியில் மட்டும் தேடுகிற ஒருவருக்குச் சர்ப்பகந்தாவின் மருத்துவ வரலாறு வக்கீலிடமிருந்துதான் தொடங்கும். (முழு இருட்டும் இல்லை. கல்கத்தாவின் பழைய 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழ்களை ஸ்கேன் செய்து பப்மெட் சென்ட்ரலில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒரு மாலை நேரம் இருந்தால் புரட்டிப் பாருங்க, விடமாட்டீங்க.)

என்ன கேட்கலாம்?

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். எந்தத் தரவுத்தளத்தில் தேடினோம், எந்த ஆண்டு முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்தச் சொல்லால் என்று முழுவதும் எழுதிவைப்பது அங்கே கட்டாயம். படிக்கிறவர் அதைப் பார்த்து, "இங்கே தேடவே இல்லையே" என்று சண்டைக்கு வரலாம். அந்தச் சண்டைக்கு இடம் வைத்திருப்பதுதான் அதன் பலம்.

நூலகம் காசு கொடுத்து வாங்குகிற எந்தத் தேடல் கருவியிடமும், எந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமும் இதே மூன்று வரியைக் கேட்கலாம். எங்கே பார்த்தாய், எதிலிருந்து எது வரை, முழுக் கட்டுரையைப் படித்தாயா அல்லது சுருக்கத்தை மட்டுமா? பதிலின் அடியில் சின்ன எழுத்தில் இல்லாமல், பதிலுக்கு மேலேயே இது இருக்க வேண்டும். விற்க வருகிறவர் இதைக் காட்ட மறுத்தால், அதுவே ஒரு பதில்தான். மனிதர்கள்மேல் மருந்தைச் சோதிக்கிற ஆய்வு என்றால், தேடலில் ஒரு நூலகரும் உட்கார்ந்திருக்க வேண்டும். பால்டிமோருக்குப் பிறகு பல மருத்துவ நூலகர்கள் சொன்னதும் இதைத்தான்.

அன்றைக்குக் கிளம்பும் முன் அந்த நூலகரிடம் 2001 கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "1966க்கு முந்தினதை மட்டுமாவது வெச்சுக்கலாமே சார்?" என்றேன்.

கட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "லிஸ்ட் போட்டு மேலே அனுப்பிட்டோமே. திரும்ப எழுதிக் கேட்கணும்," என்றார். பிறகு குனிந்து ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்து, முதுகில் ஆண்டு என்ன என்று பார்க்க ஆரம்பித்தார். 1961, 1963. நடுவில் ஒரு வால்யூம் இல்லை. "1962 எங்கே போச்சு?" என்றார், என்னைக் கேட்பதுபோல.